பக்கத்து வீட்டுப் பன்னீர் ரோசா

என் கணவர் எதையும் வடிவு, அழகு என்று சொல்கிற மனிதரல்ல. கலியாணத்தன்று கூறைச்சேலையோடு நான் வந்து நின்றபோது, "சரியான வெக்கையாயிருக்குமே" என்று கேட்டவர். புது வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று சுவரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "சீமெந்து நல்லாப் பிடிச்சிருக்கு" என்றார். பிள்ளைகள் படித்துப் பட்டம் வாங்கிய படத்தை அனுப்பினால், கண்ணாடியைப் போட்டு நெடுநேரம் பார்த்துவிட்டு, "மெலிஞ்சு போச்சினம்" என்பார். முப்பத்தாறு வருடமாக இதற்கு நான் பழகிப்போயிருந்தேன். மனுசனுக்கு வாய் திறந்து புகழத் தெரியாது, எல்லாம் மனதுக்குள் இருக்கும் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லி வைத்திருந்தேன்.

அப்படிப்பட்டவர் ஒரு மாசி மாதக் காலையில் கோயிலால் வந்தார். சைக்கிளை மதிலோடு சாத்தினார். நான் நீட்டிய தேத்தண்ணியை வாங்கிக்கொண்டே சொன்னார்.

"அங்காலை ரோசா நல்ல வடிவாப் பூத்திருக்கு."

அங்காலை என்றால் பக்கத்து வீடு. நான் சரியாகத்தான் கேட்டேனா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் தேத்தண்ணியை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அந்தச் சொல் அவரிடம் இருந்திருக்கிறது, இத்தனை வருடமும் எனக்குச் செலவழிக்காமல் வைத்திருந்திருக்கிறார் என்று நினைத்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அன்று மத்தியானம் சோற்றுக்கு உப்புப் போட மறந்துபோனேன்.

பக்கத்து வீட்டுக்காரி மயிலிட்டிப் பெண். சிறுபிள்ளையாக இடம்பெயர்ந்து, முகாம், வாடகை வீடு என்று அலைந்து, கடைசியில் அண்ணன்மார் வெளிநாட்டிலிருந்து உதவ, உடுவிலில் எங்கள் ஒழுங்கையிலேயே காணி வாங்கி வீடு கட்டியவள். இராணுவம் ஊரை விடுவித்த பிறகும் அவள் அங்கே திரும்பிப் போகவில்லை. புருசன் மட்டும் மோட்டார் சைக்கிளில் மயிலிட்டித் துறைக்குப் போய், கடலுக்கு இறங்கி, மீனோடு திரும்பி வருவார். நான் உடுவிலில் பிறந்து, முப்பது வருடம் கணக்குப் படிப்பித்த ரீச்சர். ஒரு கடற்கரைக் குடும்பம் பக்கத்தில் வந்து இருந்ததை ஆரம்பத்தில் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. சிரித்தேன், கதைத்தேன். ஆனால் அவள் வீட்டு வாசற்படலைக்கு வெளியே நின்றுதான் கதைத்தேன்.

அவளுடைய ரோசாவும் ஏதோ கிடைக்காத இனம் என்றால் மனம் ஆறியிருக்கும். அது பன்னீர் ரோசா. யாழ்ப்பாணத்தில் கிணற்றடிக்குக் கிணற்றடி நிற்கிற அதே இளஞ்சிவப்பு, அதே மணம், தொட்டால் உதிர்கிற அதே இதழ். யாரோ வெட்டி எறிந்த தடியை எடுத்து ஊன்றியதாக அவளே சொன்னாள். அது மதிலுக்கு மேலால் எழும்பி, எங்கள் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு பூத்தது. நான் விடிய எழும்பி முற்றம் கூட்டும்போது எண்ணிப் பார்ப்பேன். பதினேழு, இருபத்திரண்டு, ஒருநாள் முப்பத்தொன்று. அவள் அதிலே ஒரு பழைய செருப்பைக் கட்டித் தொங்கவிட்டிருந்தாள், கண்ணூறு படாமலிருக்க. யாருடைய கண்ணுக்கு என்று அவள் சொல்லவில்லை. ஒழுங்கையில் வேறு யாரும் அந்த மரத்தை நின்று பார்த்ததாக எனக்குத் தெரியாது.

நானும் ரோசா வளர்ப்பது என்று முடிவெடுத்தேன். பன்னீர் ரோசா அல்ல. அவளிடம் இருப்பதையே நானும் வைத்தால் நான் அவளைப் பார்த்துச் செய்தேன் என்று ஆகிவிடும். இந்த ஊரில் ஒருத்தரும் கண்டிராத ரோசாவாக இருக்கவேண்டும் என்று நினைத்தேன். வட்சப்பில் ரோசாக்காரர்களின் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டேன். மலைநாட்டிலிருந்து லொறியில் கன்று கொண்டுவந்து மருதனார்மடத்துப் பக்கம் தெருவோரம் வைத்து விற்கிற ஒருவரிடம் வாடிக்கை பிடித்தேன்.

முதலில் வாங்கியது கறுப்புக்குக் கிட்டவான சிவப்பு. மொட்டாக இருக்கும்போது பட்டுத்துணி போல இருந்தது. ஆனால் நுவரெலியாக் குளிரில் வளர்ந்தது எங்கள் பங்குனி வெயிலை எங்கே தாங்கும்? பத்து மணிக்கு விரிந்தால் பன்னிரண்டு மணிக்கு விளிம்பெல்லாம் கருகிவிடும். அடுத்தது மஞ்சள். மாரி தொடங்கியதும் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, ஒரு கிழமையில் தடி மட்டும் நின்றது. வெள்ளை ஒன்று முட்டைக்கோவா அளவில் மொட்டு வைத்தது. மழை பட்டால் விரியாமலே உள்ளுக்குள் அழுகிப்போகும். ஒவ்வொன்றும் செத்த பிறகுதான் அதற்கு என்ன பிடிக்காது என்று நான் படித்தேன். கொத்துக் கொத்தாய்ப் பூக்கிற பட்டன் ரோசாவை மட்டும் ஒன்றும் செய்ய முடியவில்லை, தண்ணீர் ஊற்ற மறந்தாலும் பூக்கும். அது சோம்பேறிகளின் ரோசா என்று நான் அதை மதிக்கவேயில்லை. இப்போது யாரும் என்னிடம் கேட்டால், முதலில் அதை வையுங்கள் என்றுதான் சொல்வேன்.

பிறகு பச்சை ரோசா வாங்கினேன். அப்படி ஒன்று உண்மையாகவே இருக்கிறது. இதழ் கிடையாது, இதழ் இருக்கவேண்டிய இடத்தில் சின்னச் சின்னப் பச்சை இலைகள் சுருண்டு நிற்கும், ஓரத்தில் கொஞ்சம் செம்பு நிறம். வட்சப் குழுவில் அதற்கு அடிபிடி. நான் படம் எடுத்துப் போட, ஆட்கள் வரிசையாகக் கைகூப்பினார்கள். அதை முற்றத்தில், அவர் சைக்கிள் சாத்துகிற இடத்துக்கு நேர் எதிரே வைத்தேன். பூத்து ஒரு மாதமாயிற்று. ஒருநாள் சைக்கிளைச் சாத்திவிட்டு அதனருகே குனிந்தார். நான் குசினிக்குள் நின்று காதைத் தீட்டிக்கொண்டேன்.

"இஞ்சாரும், இது எப்ப பூக்கும்?"

அதன் பிறகு இரண்டு நாள் நான் அவரோடு கதைக்கவில்லை. அவர் அதைக் கவனித்த மாதிரியும் தெரியவில்லை.

அவரோ காலையில் கோயிலுக்குப் போகும்போது பக்கத்து வீட்டு மதிலடியில் ஒரு நிமிடம் நிற்பார். குசினி யன்னலால் எனக்குத் தெரியும். அவள் வாளியோடு வருவாள், இரண்டு வார்த்தை கதைப்பாள், அவர் தலையாட்டுவார், போவார். தப்பாக ஒன்றுமில்லை. அவளுக்கு எங்கள் மகளின் வயது, அண்ணை அண்ணை என்று மரியாதையாகத்தான் கதைப்பாள். எனக்கு அவள் மீது பொறாமை இல்லை, அந்த ரோசா மீதுதான் பொறாமை என்று நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். ஒரு நிமிடம் நின்று பார்க்கத் தோன்றுகிறதே, அந்த ஒரு நிமிடம் எனக்கு வேண்டியிருந்தது. என் முற்றத்தில் அவர் நின்றதெல்லாம் சைக்கிளுக்குக் காற்றடிக்கத்தான்.

அப்போதுதான் எனக்கு மிகவும் பிடித்த ரோசா கிடைத்தது. லொறிக்காரரின் கன்றுகளுக்கு நடுவே, கடைசி வரிசையில், பெயர்ச்சீட்டு நனைந்து எழுத்தெல்லாம் கலங்கிப்போன ஒரு சாடி. அதில் ஒரேயொரு பூ, தலையைக் கீழே தொங்கப்போட்டுக்கொண்டு. விரலால் நிமிர்த்திப் பார்த்தேன். நன்றாகப் பழுத்த கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை வெட்டினால் உள்ளே இருக்கிற நிறம். மணம் ரோசா மணமில்லை, புதிதாகப் பிரித்த தேயிலைப் பெட்டியின் மணம்.

"அத யாரும் கேக்கமாட்டாங்கம்மா," என்றார் லொறிக்காரர். "பழைய காலத்து ரகம். தண்டுக்கு பலம் பத்தாது, பூத்தா தலையத் தொங்கப் போட்டுக்கும். ஆனா வெயிலு தாங்கும்."

வெயில் தாங்கும், யாரிடமும் இல்லை. எனக்கு வேறென்ன வேண்டும்? கைக்குழந்தையை ஏந்துவது போல அந்தச் சாடியை ஓட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கிணற்றடிச் செம்மண்ணில் முழ ஆழத்துக்குக் கிடங்கு வெட்டி, ஆட்டெருவும் சாம்பலும் போட்டு நட்டேன். எங்களுடையது நல்ல தண்ணீர்க் கிணறு. மூன்று மாதமாக இடைக்கிடை மண்ணைக் கொத்தினேன், தேயிலைச் சக்கை போட்டேன். அது உயிரோடு இருந்தது, அவ்வளவுதான். ஐந்து இலை விட்டால் மூன்று உதிர்ந்தது. மதிலுக்கு மேலே பன்னீர் ரோசா அந்த வெயிலிலும் பூத்துக் கொட்டியது.

கடைசியில் மானத்தை விட்டு அவளிடம் கேட்டேன். படலைக்கு வெளியே நின்றுதான்.

"என்ன உரம் போடுறனீர்?"

"உரமோ? ஒண்டும் போடுறேல்லை ரீச்சர். மீன் கழுவின தண்ணியை ஊத்துறனான். எங்கடை ஊரிலை எல்லாரும் அப்பிடித்தான். உங்களுக்கும் ஒரு வாளி தரட்டோ?"

"ஐயோ வேண்டாம். எங்கடை வீடு சைவமெல்லோ."

அதைச் சொன்ன விதம் எனக்கே காதில் விழுந்தது. அவள் ஓம் ஓம் என்று தலையாட்டினாள். வாளியை ஒரு பக்கமாக மறைத்துக்கொண்டாள்.

எங்கள் வீடு சைவமானது அவர் ஓய்வு பெற்ற வருடம். ஒருநாள் கோயிலால் வந்து, இனி மீன் மச்சம் வேண்டாம் என்றார். அவ்வளவுதான் பேச்சு. நான் மீனென்றால் உயிரை விடுகிறவள். சூடைமீன் பொரியலுக்கு ஒரு காலத்தில் நான் பள்ளிக்கூடமே பிந்திப் போயிருக்கிறேன். அவருக்கு இல்லாதது எனக்கு எதற்கு என்று, மச்சச்சட்டிகளையெல்லாம் தேய்த்துக் கழுவி வேலைக்கு வருகிற பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். முட்டைக்கோதுகூட எங்கள் குப்பையில் கிடையாது. பூக்கன்றுகளுக்கு மச்சத்தண்ணீர் ஊற்றக்கூடாது, அவை சுவாமிக்கு வைக்கிற பூ என்று சின்ன வயதிலிருந்தே எங்களுக்குச் சொல்லி வளர்த்திருந்தார்கள். செவ்வரத்தையும் நந்தியாவட்டையும் எங்கள் வளவில் கிணற்றுத் தண்ணீரும் எருவும் தவிர வேறொன்றும் கண்டதில்லை.

ஆனால் அவள் வாளியைப் பார்த்த கண்ணுக்கு வேறு எதுவும் தெரியவில்லை. புரட்டாதியில் ஒரு காலை, அவர் கோயிலுக்குப் போன கையோடு, ஒழுங்கையில் மீன்காரர் கோண் அடிக்கிற சத்தம் கேட்டது. ஒன்பது வருடமாக எங்கள் படலையில் நிற்காதவர். நான் ஓடிப்போய் மறித்தேன்.

"சூடைத்தலை, குடல், செதில், என்னவாவது கிடக்குதோ? எறியிறதெண்டாத் தாங்கோ."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரீச்சர் வீட்டிலையோ?"

"பூனைக்கு."

"பூனை எப்ப வளக்கத் தொடங்கினீங்கள்?"

"இப்பத்தான்," என்றேன்.

செடியின் தண்டிலிருந்து ஒரு முழம் தள்ளி, சுற்றிவரக் கிடங்கு கிண்டி, அதைப் புதைத்து, சாம்பல் போட்டு, மண் போட்டு மூடினேன். கையைத் தேசிக்காய்ப் புளி விட்டு மூன்று தரம் கழுவினேன். கிழமைக்கு ஒருதரம் இப்படி நடந்தது. நான் சொன்ன பொய் இரண்டாம் கிழமையே உண்மையாகி, மெய்யாகவே பூனைகள் வந்துவிட்டன. ஒழுங்கையில் இருந்ததெல்லாம் வந்து கிணற்றடியைப் பிறாண்டின. தேசிமுள்ளு வெட்டிப் பரப்பினேன். முள்ளுக்கு இந்தப் பக்கம் அவை படுத்துக் காத்திருந்தன.

"ஏன் பூனையெல்லாம் உதிலை கிடக்குது?" என்று அவர் கேட்டார்.

"கிணத்தடி குளிர்மைக்கு," என்றேன்.

பக்கத்து வீட்டுக்காரியை ஏமாற்ற முடியவில்லை. அவள் மூக்கு கடற்கரையில் வளர்ந்த மூக்கு. ஒருநாள் மதிலுக்கு மேலால் எட்டி, மெல்லிய குரலில் சொன்னாள்.

"ரீச்சர், தலையைப் போடாதேங்கோ, பூனை கிண்டும். கழுவின தண்ணியெண்டா மணமும் நிக்காது."

"என்ன தலை?" என்றேன் நான்.

அவள் சிரிக்கவில்லை. அவள் சிரித்திருந்தால் எனக்குக் கோபிக்கவாவது ஒரு காரணம் கிடைத்திருக்கும். "சும்மா சொன்னனான்," என்றுவிட்டு உள்ளே போனாள். நான் பிடிவாதமாகத் தலையையே போட்டேன்.

மாரி வந்து போயிற்று. மார்கழியில் அந்தச் செடி தாமிர நிறத்தில் தளிர்த்தது. இலை உதிரவில்லை. தண்டு என் சின்னவிரல் அளவுக்குத் தடித்தது. தை பிறந்தபோது அதில் ஒன்பது மொட்டு. நான் விடிய எழும்பியதும் முதலில் அங்கேதான் போவேன். ஒன்று, இரண்டு என்று விரலால் தொட்டு எண்ணுவேன். பிறகு மதிலுக்கு மேலே பார்த்து அவளுடையதை எண்ணுவேன். தேத்தண்ணி அதற்குப் பிறகுதான். மத்தியானம் ஒருதரம், பொழுதுபடும்போது ஒருதரம் எண்ணுவேன். ஒரு மொட்டு வண்டடித்து விழுந்த அன்று, யார் கை வைத்தது என்று கேட்டு வேலைக்கு வந்த பெண்ணைக்கூடத் திட்டிவிட்டேன். பாவம், அவள் கிணற்றடிப் பக்கமே போயிருக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை முதற்பூ முழுதாக விரிந்தது. அப்படியொரு பூவை நான் அதற்கு முன்னும் பின்னும் கண்டதில்லை. இரண்டு கையாலும் ஏந்தவேண்டும் போலிருந்தது. குசினிக்குள் வந்து யன்னலடியில் நின்றுகொண்டேன். அவர் குளித்துவிட்டு, திருநீறு பூசி, பூக்கூடையோடு வெளியே போய், வழக்கம்போல ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்து, சைக்கிளை எடுக்கப் போனார். போகிற வழியில் கிணற்றடியில் நின்றார். இரண்டு விரலால் அந்தப் பூவின் தலையை நிமிர்த்திப் பார்த்தார். ஒரு நிமிடம் நின்றார். அதற்கு மேலும் நின்றார். சொல்லப்போகிறார், சொல்லப்போகிறார் என்று நான் யன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் பூவைக் காம்போடு முறித்தார்.

நான் எப்படி வெளியே ஓடிவந்தேன் என்று தெரியாது.

"அது கோயிலுக்கு வேண்டாம்."

"ஏன்?"

"வேண்டாமெண்டா வேண்டாம். செவ்வரத்தை கொண்டுபோங்கோ."

"தை வெள்ளி. நல்ல பூ. ஏன் வேண்டாம்?"

ஒரு பொய்யும் வாயில் வரவில்லை. "மச்சம் போட்டு வளர்த்தனான்," என்றேன். "சூடைத்தலை. நாலு மாசமா."

அவர் பூவைப் பார்த்தார், பிறகு முள்ளுக்கு அப்பால் படுத்திருந்த பூனைகளைப் பார்த்தார். கோபிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவர் பூக்கூடையின் மூடியைத் திறந்து என் பக்கம் நீட்டினார். உள்ளே நாலு பன்னீர் ரோசா இருந்தது.

"இதுவும் மச்சத்தண்ணியிலை வளந்ததுதான். முதல் நாளே அந்தப் பிள்ளை சொல்லிப்போட்டுத்தான் தந்தது. வெள்ளிக்கு வெள்ளி இதைத்தான் கொண்டுபோறனான். பூக்கண்டு என்ன குடிச்சதெண்டு பிள்ளையார் கேக்கிறேல்லை."

"உங்களுக்காக நான் ஒன்பது வருசமா மீனைத் தொடேல்லை," என்றேன். "அவவின்ரை பூவுக்கெண்டா மச்சம் பரவாயில்லை, என்ன?"

"நான் உம்மை விடச் சொல்லேல்லையே," என்றார். குத்தலாகச் சொல்லவில்லை. உண்மையாகவே அவர் அதை எதிர்பார்த்திருக்கவில்லை என்பது அவர் முகத்தில் தெரிந்தது.

"வடிவெண்டு ஒரு சொல்லு நீங்கள் எனக்குச் சொன்னதில்லை. அங்காலை பூத்தா மட்டும் வடிவு."

"வடிவில்லாட்டி இதைக் கோயிலுக்குப் பிடுங்குவனே?"

அந்தச் சொல் கடைசியில் வந்துவிட்டது. இரண்டு வருடம் நான் அதற்காகத்தான் மண் கிண்டினேன். ஆனால் வந்தபோது எனக்கு அது போதவில்லை. கூடைக்குள் கிடந்த அந்த நாலு பூவும் கண்ணைக் குத்தியது.

"என்ரை வளவிலை இத்தனை ரோசா நிக்க, வெள்ளிக்கு வெள்ளி ஏன் அவவின்ரையைக் கொண்டுபோனீங்கள்?"

அவர் கூடையை மூடினார், மூடியைச் சரிபார்த்தார்.

"உம்மட்டைக் கேக்கப் பயம். நீர் விடிய எழும்பி எண்ணுறீர், மத்தியானம் எண்ணுறீர், பொழுதுபட எண்ணுறீர். ஒண்டு குறைஞ்சா அண்டைக்கு வீட்டிலை ஒருத்தரும் இருக்கேலாது. அந்தப் பிள்ளை எண்ணுறேல்லை."

கிணற்றுக்கட்டில் ஒரு காகம் வந்து இருந்தது. அவர் மாம்பழ நிறப் பூவை இன்னும் கையில்தான் வைத்திருந்தார், கூடைக்குள் போடவில்லை.

"இண்டைக்கும் கேளாமல் பிடுங்கிப்போட்டன்," என்றார். "கொண்டுபோகட்டோ?"

ஓம் என்றேன். அவர் அதைக் கூடைக்குள் மற்ற நாலு பூவோடும் வைத்து, சைக்கிளை உருட்டிக்கொண்டு படலையடிக்குப் போனார். முதலிலேயே கேட்டிருந்தால் தந்திருப்பேனே என்று அவரைக் கூப்பிட்டுச் சொல்ல வாயெடுத்தேன்.

தந்திருக்க மாட்டேன்.